சித்திரை மண்ணும் கார்த்திகை மண்ணும்
வாசகர் கேள்வி – பதில்

சாலையின் அடிமண் வலிமையை அறியும் சோதனைகள் பற்றி வந்த கடிதங்களில் ஏழு கேள்விகள் இவ்விதழில் இடம்பெறுகின்றன. ஜல்லி அடுக்குகளுக்குக் கீழே இறுக்கி அமைக்கப்படும் மண் அடுக்கையே இங்கே அடிமண் என்று குறிப்பிடுகிறோம். பணியிடங்களில் இதனைச் சப்கிரேடு என்றே சொல்வார்கள். வலிமையைக் குறிக்கும் சதவீதம் என்று வரும் இடங்களில், இரண்டாவது பதிலில் விளக்கப்படும் சி.பி.ஆர். விகிதத்தையே சொல்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊர்ச் சாலையைப் புதிதாகப் போடுவதற்காகச் சித்திரை மாதத்தில் வந்தவர்கள், ஒரு கம்பியின் மேல் எடையைத் தூக்கித் தூக்கிப் போட்டு மண்ணில் இறக்கி அளந்தார்கள். ஒரு தடவைக்கு 12 மில்லிமீட்டர் இறங்குகிறது, வலிமை 18 சதவீதம் என்றார்கள். அதே கரிசல் மண்ணை மூட்டையில் எடுத்துச் சென்ற ஆய்வகம் 2.5 சதவீதம் என்று அறிக்கை தந்திருக்கிறது. இரண்டில் எதை நம்புவது? (கோவில்பட்டி வட்டாரத்திலிருந்து ஊராட்சி வார்டு உறுப்பினர் ஒருவர்)

பதில்: இரண்டு எண்களும் உண்மையாக இருக்கலாம். அவை ஒரே மண்ணின் இரண்டு வேறு நிலைகளை அளந்திருக்கின்றன. சித்திரை வெயிலில் வெடித்துக் காய்ந்து கிடக்கும் கரிசலில் கடப்பாரை இறங்குவதற்கே பாடுபட வேண்டும் என்பதும், ஐப்பசி, கார்த்திகையில் அதே நிலத்தில் கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும் என்பதும் உங்கள் ஊரில் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பிச் சோதனை முதல் நிலையை அளந்தது. நான்கு நாள் நீரில் ஊறவைத்து அழுத்திப் பார்த்த ஆய்வகம் இரண்டாவது நிலைக்கு நெருக்கமான ஒன்றை அளந்தது. சாலை இரண்டு பருவத்திலும் பேருந்தையும் லாரியையும் தாங்க வேண்டியிருப்பதால், வடிவமைப்புக்கு ஊறிய மண்ணின் எண்ணையே எடுக்க வேண்டும்.

கம்பிச் சோதனையைப் பயனற்றது என்று ஒதுக்கிவிடவும் கூடாது. டி.சி.பி. (டைனமிக் கோன் பெனட்ரோமீட்டர்) என்று சொல்லப்படும் அந்தக் கருவியில் 8 கிலோ எடை 575 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, அடியில் 60 பாகைக் கோணமும் 20 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட கூம்பை மண்ணுக்குள் செலுத்துகிறது. ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று எழுதிக்கொண்டே போனால், மண்ணைத் தோண்டாமலேயே முக்கால் மீட்டர் ஆழம் வரை எங்கே கடினம், எங்கே இளக்கம் என்பது அடுக்கடுக்காகத் தெரிந்துவிடும். ஆய்வகச் சோதனை எதிலும் இந்த வசதி இல்லை. இறக்க அளவிலிருந்து வலிமை விகிதத்தைப் பெறப் பரவலாக வழங்கும் சமன்பாடு ஒன்று உண்டு. மில்லிமீட்டர் இறக்கத்தின் மடக்கையை 1.12 ஆல் பெருக்கி, 2.465 இலிருந்து கழித்தால் விகிதத்தின் மடக்கை கிடைக்கும். இதன்படி 20 மில்லிமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 10 சதவீதம், 40 இறங்கினால் 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, 60 இறங்கினால் 3 சதவீதம். ஆனால் இது பல வகை மண்களை ஒன்றுசேர்த்துப் பெற்ற பொதுத் தொடர்பு. மிகுந்த களித்தன்மை கொண்ட மண்ணில் இது விலகக்கூடும். கூம்பு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டால் இல்லாத வலிமையைக் காட்டும்.

ஆகவே உங்கள் ஊராட்சியின் சார்பில் இரண்டு கோரிக்கைகளை வைக்கலாம். ஒன்று, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு, மண் ஈரமாக இருக்கும்போதே அதே இடங்களில் கம்பிச் சோதனையை மீண்டும் செய்யச் சொல்லுங்கள். மற்றொன்று, சாலையின் நடுவில் மட்டுமல்லாமல் இரு ஓரங்களிலும் செய்யச் சொல்லுங்கள். தார் மூடிய நடுப்பகுதியில் ஈரம் ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை. ஓரத்து மண்தான் கோடையில் காய்ந்து சுருங்கி, மழையில் உப்பி, மீண்டும் சுருங்குகிறது. கரிசல் நிலத்துச் சாலைகளில் ஓரத்தை ஒட்டி நீளவாக்கில் விரிசல் ஓடுவதற்கு இதுவே முதற்காரணம்.

2.5 சதவீத மண்ணின் மேல் நேரடியாக ஜல்லி பரப்புவது பணத்தைச் சேற்றில் போடுவதுதான். கிராமச் சாலைகளில் மேல் 30 செ.மீ. ஆழத்துக்கு அந்தக் கரிசலை அகற்றிவிட்டு நல்ல செம்மண் கிராவலை இறுக்கி அமைப்பது ஒரு வழி. கிராவல் தொலைவிலிருந்து வர வேண்டியிருந்தால், கரிசலிலேயே எடையில் 3 முதல் 5 சதவீதம் வரை சுண்ணாம்பு கலந்து இறுக்குவது மற்றொரு வழி. சுண்ணாம்பிலுள்ள கால்சியம் களித்துகள்களின் மேல் ஏறிக்கொள்வதால் மண்ணின் ஒட்டும் தன்மையும் உப்பும் தன்மையும் குறைந்து, ஊறிய நிலை வலிமை பல மடங்கு உயரும். சரியான அளவை உங்கள் ஊர் மண்ணிலேயே கலந்து சோதித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கேள்வி: சி.பி.ஆர். 5 சதவீதம் என்றால் அந்த மண் நூற்றில் ஐந்து பங்கு வலிமைதான் கொண்டது என்று பொருளா? எதில் ஐந்து பங்கு? (மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: நன்றாகப் பொறுக்கிய உடைகல் ஒன்றை அளவுகோலாக வைத்து, அதில் ஐந்து பங்கு என்று பொருள். சி.பி.ஆர். என்பது கலிபோர்னியா தாங்குதிறன் விகிதத்தின் சுருக்கம். 1920களின் இறுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில நெடுஞ்சாலைப் பிரிவில் ஓ. ஜே. போர்ட்டர் என்ற பொறியாளர் இதனை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் விமானத் தளங்களை விரைந்து அமைக்க வேண்டியிருந்தபோது அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை இம்முறையை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகே இது உலகெங்கும் பரவியது.

150 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை அச்சில் மண்ணை இறுக்கி நிரப்பி, 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள உலக்கை போன்ற எஃகுத் தண்டை நிமிடத்துக்கு 1.25 மில்லிமீட்டர் வேகத்தில் அதனுள் அழுத்துவார்கள். தண்டு 2.5 மில்லிமீட்டர் இறங்க அளவுகோல் கல்லுக்கு 1370 கிலோ சுமை தேவை. உங்கள் மண்ணில் அதே ஆழம் இறங்க 41 கிலோ போதுமானதாக இருந்தால் விகிதம் 3 சதவீதம். 5 மில்லிமீட்டர் இறக்கத்துக்கான அளவுகோல் சுமை 2055 கிலோ.

இது மண்ணின் அடிப்படைப் பண்பு எதையும் நேரடியாக அளப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மண்ணின் உராய்வு, பிணைப்பு, விறைப்பு எல்லாம் கலந்த ஓர் ஒப்பீட்டு எண் இது. இன்றைய வடிவமைப்புக் கணக்குகளுக்கு வேண்டியது மண்ணின் மீள்விறைப்பு, அதாவது வண்டிச் சக்கரம் ஏறி இறங்கும்போது மண் எவ்வளவு அமுங்கி எவ்வளவு மீள்கிறது என்பதைக் காட்டும் அளவு. அதனை நேரடியாக அளக்க மும்முக அழுத்தக் கருவி தேவை. அது எல்லா ஆய்வகங்களிலும் இருப்பதில்லை. எனவே இந்தியச் சாலைப் பேரவையின் 2018 ஆம் ஆண்டு வழிகாட்டி, விகிதம் 5 வரை இருந்தால் அதை 10 ஆல் பெருக்கி மீள்விறைப்பை மெகாபாஸ்கலில் பெறச் சொல்கிறது. 5 ஐத் தாண்டினால், விகிதத்தின் 0.64 அடுக்கை 17.6 ஆல் பெருக்க வேண்டும். 5 சதவீத மண்ணுக்கு 50 மெகாபாஸ்கல், 10 சதவீத மண்ணுக்கு ஏறத்தாழ 77 என்று வருகிறது. விகிதம் இரட்டித்தாலும் விறைப்பு இரட்டிப்பதில்லை.

கேள்வி: ஆய்வக வகுப்பில் மாதிரியை ஏன் நான்கு நாள் ஊறவைக்க வேண்டும் என்று கேட்டதற்கு, விதி அப்படித்தான் என்று மட்டும் பதில் கிடைத்தது. மேலும் எங்கள் குழுவுக்கு 2.5 மில்லிமீட்டரில் வந்த மதிப்பைவிட 5 மில்லிமீட்டரில் வந்த மதிப்பு கூடுதலாக இருக்கிறது. எதை எழுதுவது? (திருநெல்வேலியிலிருந்து கட்டடப் பொறியியல் பட்டயப் படிப்பு மாணவி ஒருவர்)

பதில்: சாலை அமைந்த பிறகு அதன் அடிமண் மழைநீராலும் கீழிருந்து ஏறும் நீராலும் நனைந்து எட்டக்கூடிய மோசமான நிலையை ஆய்வகத்தில் உண்டாக்கிப் பார்ப்பதே ஊறவைத்தலின் நோக்கம். களிமண்ணில் நீர் மெல்லத்தான் புகும் என்பதால் ஓரிரவு போதாது. 96 மணி நேரத்தில் பெரும்பாலான மண்கள் நீர் உறிஞ்சி உப்பி ஓரளவு நிலைபெற்றுவிடும். அச்சின் மேல் வைக்கும் வளைய எடைகள் சாலையின் மேலடுக்குகள் தரும் சுமைக்கு ஈடானவை. அவற்றை மறந்து ஊறவைத்தால் மண் அளவுக்கு மீறி உப்பிவிடும். அந்த நான்கு நாளில் மாதிரி எவ்வளவு உயர்ந்தது என்பதை டயல் மானியில் படித்து எழுதுங்கள். பல மாணவர்கள் விட்டுவிடும் குறிப்பு அது. கரிசல் மண்ணைப் பொறுத்தவரை அந்த உப்பல் அளவு, விகிதத்துக்குக் குறையாத முக்கியத்துவம் உடையது.

இரண்டாவது கேள்விக்கு முன், உங்கள் சுமை-இறக்க வரைகோட்டைப் பாருங்கள். தொடக்கத்தில் அது மேல்நோக்கிக் குழிந்திருந்தால், தண்டு மண்ணின் மேற்பரப்பில் சரியாகப் படியவில்லை என்று பொருள். அப்போது வரைகோட்டின் செங்குத்தான பகுதிக்குத் தொடுகோடு வரைந்து, அது கிடையச்சை வெட்டும் இடத்தைப் புதிய சுழியாகக் கொள்ள வேண்டும். இத்திருத்தத்தைச் செய்தாலே பெரும்பாலும் 2.5 மில்லிமீட்டர் மதிப்பு மேலேறிவிடும். திருத்திய பின்னும் 5 மில்லிமீட்டர் மதிப்பே கூடுதலாக இருந்தால், புதிய மாதிரியில் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். மறுபடியும் அதுவே வந்தால் 5 மில்லிமீட்டர் மதிப்பையே எழுதலாம்.

கேள்வி: ஒரு சாலை நெடுகப் பத்து இடங்களில் மண் எடுத்துச் சோதித்தோம். 4, 5, 5, 6, 6, 7, 7, 8, 9, 13 சதவீதம் என்று வந்தன. சராசரி 7 என்று எடுக்கலாம் என்கிறார் உடன் பணியாற்றுபவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. (ஈரோட்டிலிருந்து ஆய்வகப் பணியாளர் ஒருவர்)

பதில்: உங்கள் தயக்கம் சரியானது. 7 என்று எடுத்தால், பத்தில் ஐந்து இடங்களில் மண் அதைவிட இளகியதாக இருக்கிறது. சாலை சராசரியில் உடைவதில்லை, 4 இருக்கும் இடத்தில்தான் உடைகிறது. அதற்காக மிகக் குறைந்த 4 ஐ எடுத்துச் சாலை முழுவதற்கும் ஜல்லியைக் கூட்டுவதும் வீண்செலவு. எனவே பெரும்பாலான இடங்களில் உள்ள வலிமை எந்த எண்ணுக்குக் குறையாமல் இருக்கிறதோ அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேசிய, மாநில நெடுஞ்சாலைகளுக்கு நூற்றுக்கு 90 இடங்கள் என்றும், போக்குவரத்துக் குறைந்த பிற சாலைகளுக்கு 80 இடங்கள் என்றும் வழிகாட்டி கூறுகிறது. உங்கள் பட்டியலில் பத்தில் ஒன்பது மதிப்புகள் 5 அல்லது அதற்கு மேல். ஆகவே 90க்கு உரிய மதிப்பு 5. பத்தில் ஏழு மதிப்புகள் 6 அல்லது அதற்கு மேல் என்பதால், 80க்கு உரியது இரண்டுக்கும் நடுவே 5.5. மீள்விறைப்பில் பார்த்தால் 7க்கு 61 மெகாபாஸ்கல், 5க்கு 50.

இந்தக் கணக்கில் இறங்குவதற்கு முன் அந்தப் பத்து இடங்களும் ஒரே வகை மண்தானா என்று பாருங்கள். 13 வந்த இடம் செம்மண் மேடாகவும் 4 வந்த இடம் கண்மாய்க்குக் கீழ்ப்புறமாகவும் இருந்தால், சாலையைப் பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே வடிவமைப்பதுதான் முறை. ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று அச்சுகள் செய்து அவற்றின் சராசரியை எழுதியிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். ஒரே அச்சின் எண்ணை வைத்து இவ்வளவு நுணுக்கமாகப் பேச முடியாது.

கேள்வி: ஆய்வக அறிக்கையில் 8 சதவீதம் உள்ள நல்ல கிராவல் மண்ணைத்தான் போட்டோம். ஒரே மழைக்காலத்தில் சக்கரத் தடங்கள் பள்ளமாகிவிட்டன. ஆய்வகம் தவறு செய்ததா? (சேலத்திலிருந்து சாலைப்பணி மேற்பார்வையாளர் ஒருவர்)

பதில்: ஆய்வகம் சொன்ன 8 சதவீதத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. அறிக்கையின் மேற்பகுதியில் அது எழுதப்பட்டிருக்கும், பணியிடத்தில்தான் யாரும் அதைப் படிப்பதில்லை. இந்த உலர் அடர்த்திக்கு, இந்த ஈரப்பதத்தில் இறுக்கினால் இந்த வலிமை கிடைக்கும் என்பதே அந்த நிபந்தனை. அடர்த்தி சில சதவீதம் குறைந்தாலும் ஊறிய நிலை வலிமை பாதியாகக்கூடக் குறையலாம். ஏனெனில் இறுகாத மண்ணில் இடைவெளிகள் அதிகம், மழைக்காலத்தில் அந்த இடைவெளிகள் அத்தனையும் நீரின் இருப்பிடம்.

ஆய்வகத்தில் கனரக இறுக்கச் சோதனை செய்யும்போது 4.9 கிலோ சம்மட்டியை 450 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து போட்டு, ஐந்து அடுக்குகளாக மண்ணை இறுக்குகிறார்கள். ஈரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டம் வரை அடர்த்தி உயர்ந்து, பிறகு இறங்கும். அந்த உச்சியே பெரும உலர் அடர்த்தி, அப்போதுள்ள ஈரம் உகந்த ஈரப்பதம். நெடுஞ்சாலை அடிமண்ணில் இந்த உச்ச அடர்த்தியில் குறைந்தது 97 சதவீதத்தைப் பணியிடத்தில் எட்ட வேண்டும் என்பது விதி. உகந்த ஈரத்துக்கு மேல் 1 சதவீதம், கீழ் 2 சதவீதம் என்ற எல்லைக்குள் ஈரம் இருக்க வேண்டும்.

உங்கள் சாலையில் இதனைச் சரிபார்க்கும் வழியைச் சொல்கிறேன். மண் மென்துகளாக இருந்தால் கோர் கட்டர் என்ற உருளையை அடித்து இறக்கி மண்ணை எடுக்கலாம். உங்களுடையது கிராவல் என்பதால், குழி தோண்டி, எடுத்த மண்ணை எடைபோட்டு, அந்தக் குழியை அடர்த்தி தெரிந்த மணலால் நிரப்பிக் குழியின் கன அளவை அறியும் மணல் நிரப்பு முறையே பொருந்தும். ஒரு கணக்கு: 1000 கன சென்டிமீட்டர் குழியிலிருந்து 1980 கிராம் ஈரமண் வந்தது, ஈரப்பதம் 10 சதவீதம் என்று கொள்வோம். ஈர அடர்த்தி 1.98, அதை 1.10 ஆல் வகுத்தால் உலர் அடர்த்தி 1.80. ஆய்வகத்தின் உச்ச அடர்த்தி 1.95 ஆக இருந்தால் இது 92.3 சதவீதம்தான். கண்ணுக்கு ரோலர் ஓடிய பளபளப்பு தெரியும், ஆனால் தேர்ச்சிக்கு வேண்டிய 1.89 எட்டப்படவில்லை.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. பணியிடத்தில் கால்சியம் கார்பைடு பொடியைக் கலந்து ஈரத்தை விரைவாக அளக்கும் கருவி காட்டும் எண், ஈரமண்ணின் எடையில் உள்ள நீரின் பங்கு. நமக்கு வேண்டியதோ உலர்மண்ணின் எடையோடு ஒப்பிட்ட பங்கு. கருவி 10 காட்டினால் உண்மையான ஈரப்பதம் 10 ஐ 90 ஆல் வகுத்து வரும் 11.1 சதவீதம். இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் விட்டால் உலர் அடர்த்தி உள்ளதைவிடக் கூடுதலாகத் தோன்றும், தவறிய அடுக்கு தேறியதாகப் பதிவாகும்.

லாரி கொட்டிய குவியலை 40 செ.மீ. தடிமனில் ஒரே பரப்பாகப் பரப்பி ரோலர் ஓட்டினீர்களா என்பதையும் நினைத்துப் பாருங்கள். இறுகிய பின் 20 செ.மீ. க்கு மிகாத அடுக்குகளாகப் போட்டால்தான் அடிப்பகுதி வரை இறுக்கம் சேரும். இப்போது உங்கள் பள்ளங்களில் முதலாவது கேள்வியில் சொன்ன கம்பிச் சோதனையைச் செய்து பார்த்தால், மேலே 15 செ.மீ. கடினமாகவும் அதன் கீழே இளகியும் இருக்கிறதா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் தெருவுக்குச் சிமென்ட் சாலை போடுகிறார்கள். அதற்கும் மண் சோதனை தேவையா? (நாகப்பட்டினத்திலிருந்து இல்லத்தரசி ஒருவர்)

பதில்: தேவைதான், ஆனால் கேட்கும் கேள்வி சற்று வேறு. கான்கிரீட் பலகை சுமையைப் பரப்பிவிடும் என்பதால், மண் ஓரிடத்தில் நசுங்குமா என்பதைவிட, பலகைக்கு அடியில் சீராகத் தாங்கிப் பிடிக்குமா என்பதே முக்கியம். 750 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புத் தகட்டை அழுத்தி, 1.25 மில்லிமீட்டர் அமுங்க எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று பார்ப்பது முறையான சோதனை. அதற்குப் பாரம் ஏற்றிய லாரியை எதிர்ச்சுமையாக நிறுத்த வேண்டியிருப்பதால், பெரும்பாலும் சி.பி.ஆர். எண்ணிலிருந்து அட்டவணை வழியாக அந்தத் தாங்கு குணகத்தை எடுத்துக்கொள்கிறார்கள். 2 சதவீத மண்ணுக்கு மீட்டருக்கு 21 மெகாபாஸ்கல், 5க்கு 42, 10க்கு 55. சி.பி.ஆர். ஐந்து மடங்கானாலும் குணகம் மூன்று மடங்குகூட ஆவதில்லை. உங்கள் தெருவில், மண்ணின் எண்ணைவிட, குழாய்க்காகத் தோண்டிய பள்ளங்களைச் சரியாக இறுக்கி மூடினார்களா என்பதைத்தான் முதலில் கேட்பேன். பலகை விரிசல் விடுவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான்.

கேள்வி: எங்கள் பள்ளி மாணவர்கள் விலையுயர்ந்த கருவி இல்லாமல், ஊர் மண் சாலைக்கு ஆகுமா என்று பார்க்கக்கூடிய சோதனை ஏதாவது உண்டா? (விருதுநகர் மாவட்டத்திலிருந்து அறிவியல் ஆசிரியை ஒருவர்)

பதில்: வலிமையை அப்படி அளக்க முடியாது. ஆனால் மண் எவ்வளவு உப்பும் என்பதை உங்கள் வகுப்பிலேயே அளக்கலாம், உங்கள் பகுதிக்கு அதுவே முதலில் தெரிய வேண்டியது. மண்ணை முழுவதும் உலர்த்திப் பொடித்து, 425 மைக்ரான் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். சல்லடையை அருகிலுள்ள பாலிடெக்னிக்கில் இரவல் கேட்கலாம். 100 மில்லிலிட்டர் அளவுருளைகள் இரண்டில் தலா 10 கிராம் மண் இட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் 100 குறி வரை ஊற்றி, கண்ணாடிக் கோலால் மெல்லக் கலக்கிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். மண்ணெண்ணெய் இருக்கும் மேசைக்கு அருகில் சுடர் எதுவும் கூடாது. 24 மணி நேரம் அசைக்காமல் வைத்துவிட்டு, இரண்டிலும் படிந்த மண்ணின் உயரத்தைப் படியுங்கள். களித்துகள்கள் மண்ணெண்ணெயை உள்வாங்கி உப்புவதில்லை என்பதால் அதில் உள்ள கன அளவு மண்ணின் இயல்பான அளவு.

மண்ணெண்ணெயில் 10 மில்லிலிட்டரும் தண்ணீரில் 18 மில்லிலிட்டரும் இருந்தால், வேறுபாடான 8 ஐ 10 ஆல் வகுத்து 80 சதவீத உப்பல் என்று எழுத வேண்டும். 50 சதவீதத்தைத் தாண்டும் மண்ணை நெடுஞ்சாலைப் பணிகளில் நிரப்பு மண்ணாகச் சேர்ப்பதில்லை. அடுத்த உருளையில் அதே மண்ணோடு அரை கிராம் சுண்ணாம்புப் பொடி சேர்த்துத் தண்ணீரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மறுநாள் அந்த உருளையில் மண்ணின் உயரம் எங்கே நிற்கிறது என்பதை மாணவர்களே முந்தைய அளவுக்குப் பக்கத்தில் குறித்துவைக்கட்டும். மண்ணை எடுத்த வயலின் பெயரும் ஆழமும் மாதமும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.